ஏழாம் பக்கத்தின் முதல் பெயர்

1. லாட்ஜ் அறையில் அமெரிக்கா

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வயசுப் பெண் லாட்ஜுக்குப் போனாள் என்று தெரு பேசுமே என்று அம்மாவும் கூடவே வந்தாள். சாயங்காலம் வரை ரிசப்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகிறவன் வருகிறவன் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். மாடி அறையில் நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு டிரெய்னிங் கொடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர் மேனேஜர் ராஜமாணிக்கம் சார்.

கம்பெனி போடவிருந்தது பத்து வால்யூம் தமிழ்க் கலைக்களஞ்சியம். வருஷத்துக்கு ஒன்றாக வரும். வீடு வீடாகப் போய் முன்கூட்டியே சந்தாதாரர் சேர்ப்பது எங்கள் வேலை. விற்க வேண்டிய புத்தகம் அப்போது ஒன்றுகூட இல்லை. கையில் இருந்தது சாம்பிள் புக் மட்டும்தான். மேலே பத்து வால்யூமின் முதுகுப் பட்டையும் வரிசையாக ஒட்டியிருக்கும். உள்ளே கண்ணைப் பறிக்கும் கலர்ப் படங்களோடு சில பக்கங்கள். கடைசியில் கோடு போட்ட, நம்பர் அச்சடித்த தாள்கள். சேருகிறவர்கள் அந்தத் தாளில் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதே வரிசையில் அந்தப் பெயர்கள் பத்தாவது வால்யூமின் கடைசியில் அச்சில் வரும்.

"இது நாம கண்டுபிடிச்ச வித்தை இல்லம்மா. அமெரிக்கா புதுசா நாடானப்பவே கண்டுபிடிச்சிட்டான்," என்றார் சார். பிறகு ஒரு மணி நேரம் அமெரிக்காதான். அந்தக் காலத்தில் அங்கே பல வீடுகளில் இருந்த புத்தகம் இரண்டு. ஒன்று பைபிள், இன்னொன்று அவர்கள் ஊர்ப் பஞ்சாங்கம். லண்டனில் வந்த கலைக்களஞ்சியத்தை யாரையும் கேட்காமல் எடுத்து, ராஜாவுக்குச் சமர்ப்பணம் என்று போட்ட கும்பிடை நீக்கிவிட்டு, தங்கள் ஊர்ச் சங்கதிகளைச் சேர்த்து, பகுதி பகுதியாக அச்சடித்தார்கள். போடக் கைமுதல் இல்லாததால் முதலில் கையெழுத்து வாங்கினார்கள். புத்தக ஏஜெண்டுகள் சாம்பிளோடு குதிரையிலும் வண்டியிலும் சேற்று ரோட்டில் ஊர் ஊராகப் போனார்கள். விவசாயியும் தச்சனும் கொல்லனும்கூட உலக விஷயம் தெரிந்துகொண்டது அப்படித்தான் என்றார்.

"ஊருக்குள்ள நுழைஞ்சதும் அவன் யார் வீட்டுக்குப் போவான் தெரியுமா? பாதிரியார் வீட்டுக்கு. அடுத்து ஜட்ஜு. லிஸ்ட்டோட தலையில பெரிய பேரு நின்னா, மத்தவன் தானா வந்து கீழ நிப்பான். எழுதிக்கோங்க, முதல் பேருதான் முதலீடு."

எழுதிக்கொண்டோம். அந்த லிஸ்ட்டில் யார் பெயரெல்லாம் இல்லை என்று ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

2. முதலாளி வராத மதியம்

எனக்குக் கொடுத்த ஏரியா திண்டிவனமும் சுற்று ஊர்களும். மூன்று மாதத்தில் முப்பது கையெழுத்து வாங்கினால் வேலை நிரந்தரம். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். நிரந்தரம் என்ற சொல் எங்கள் வீட்டில் சாமி பெயரைப் போலப் புழங்கியது.

முதல் ஆறு தாள்களும் டவுனில் வக்கீல், டாக்டர் என்று ஆளுக்கு ஒரு தாளின் தலை கேட்டதில் நிரம்பாமலே கெட்டுப்போயின. இரண்டு பெயர் விழும், மூன்றாவது ஆள் யோசித்துச் சொல்கிறேன் என்பார், பிறகு அவர் தெருவுக்கே போக முடியாது. இரண்டு மாதத்தில் பதினொரு கையெழுத்து. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை மண்டி முதலாளி ஒருவரைப் பிடித்தால் ஏரியாவே வரும் என்று யாரோ சொல்ல, ஏழாம் தாளைத் திறந்துகொண்டு அங்கே போனேன். முதலாளி இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கொக்கியை வைத்துவிட்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். உடம்பெல்லாம் மல்லாட்டைத் தூசி. நேரே என்னிடம் வராமல் குழாயடிக்குப் போய்க் கையை முழங்கை வரை கழுவி, துண்டில் துடைத்து, காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னா பொஸ்தகம்மா அது? பாக்கலாங்களா?"

பொழுது போக வேண்டுமே என்றுதான் கொடுத்தேன். அவர் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். மற்றவர்கள் படம்தான் பார்ப்பார்கள். இவர் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை.

"இதுல மல்லாட்டைய பத்தி வருமாம்மா?"

"எல்லாத்தப் பத்தியும் வருங்க. நிலக்கடலைன்னு ஏழாவது வால்யூம்ல வரும்."

"இருவது வருசமா தூக்கிக்கினு கீறேன். அது எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரியாது." கடைசித் தாளுக்கு வந்து விரலை வைத்தார். "இது இன்னாத்துக்கு?"

சொன்னேன். அமெரிக்க விவசாயி கதையையும் சொன்னேன். பத்தாவது வால்யூமில் பெயர் அச்சில் வரும் என்றதும் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம்பேரு ஓட்டு லிஸ்ட்டுலயும் ரேசன் கார்டுலயும் வந்துக்கிதும்மா. அதெல்லாம் கவுர்மெண்டு ஆளு வந்து எழுதிக்கினு போனது. இது நானா போடற கையெழுத்து. பேரு நெஜமாவே வருமா?"

"கண்டிப்பா வருங்க."

பேனாவை வாங்கி ஏழாம் தாளின் முதல் வரியில் எழுதினார். எ. தேவசகாயம், திண்டிவனம். எட்டாவது வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. யாருக்காக வாங்குகிறார், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். "எனக்குத்தாம்மா," என்றார். என் கணக்கில் பன்னிரண்டு ஆயிற்று. முதலாளி அன்றைக்கு வரவே இல்லை.

3. மில்காரர் வீட்டு வராண்டா

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஊரில் பெரிய கை, ரைஸ்மில் வைத்திருந்தவர். நிலமும் உண்டு. மல்லாட்டையை மேலே சொன்ன மண்டிக்குத்தான் போடுவார். வராண்டாவில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, அப்பா பெயர் ஊர் எல்லாம் விசாரித்து, நாங்களும் அவர்களும் தூரத்து உறவுமுறைதான் என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். நல்ல மனுஷர். கோபமே வராது. அதுதான் கஷ்டம்.

"நல்ல பொஸ்தகம். ஊர்ல பத்து பன்னண்டு வூட்டுக்கு நானே சொல்றேன், வாங்குவாங்க. பேனா குடும்மா."

தாளைத் திறந்து கொடுத்தேன். பேனா நின்றது.

"தேவசகாயம்... மண்டில மூட்ட தூக்கறானே, அவனா?"

"ஆமாங்க."

சிரித்தார். "அவனுக்கு இன்னாத்துக்கு இது? சரி, ஆசைப்பட்டுட்டான். ஏம்மா, லிஸ்ட்டு இப்பிடியேதான அச்சுல வரும்? அவம்பேரு மேல, நம்ம பேரு கீழயா? எனக்கு ஒண்ணும் இல்ல. ஊர்ல வேற ஒருத்தனும் கையெழுத்து போடமாட்டான். வேற தாளு கீதா?"

அடுத்த தாளில் போட்டாலும் நம்பர் வரிசையில் ஏழுக்கு அப்புறம்தான் எட்டு வரும் என்பதை அவரே பார்த்துவிட்டார். புத்தகத்தை மூடி மரியாதையாக என்னிடம் கொடுத்தார்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அவன் ஏதோ தெரியாம போட்டுட்டாங்க. நாளைக்கு வேற லிஸ்ட்டு கொண்டாறேன்," என்றேன். மண்டியில் வாய்க்கு வாய் 'ங்க' போட்டவள், வராண்டாவில் அவரை 'அவன்' ஆக்கிவிட்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்று சின்ன வயதில் படித்தது இதற்குத்தான் உதவியது.

4. பிளேடு

பகல் இரண்டு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கினேன். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, சாம்பிள் புக்கை மடியில் விரித்து, ஏழாம் தாளை வெட்டி எடுத்தேன். தைப்பு பிரிந்துவிடக் கூடாதென்று அடியில் கால் அங்குலம் விட்டு வெட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தேவசகாயத்தை ஏமாற்ற நினைக்கவில்லை. முப்பது ஆனதும் பின்னால் ஒரு தாளில் மறுபடி கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், பத்து வால்யூம் வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்டிய தாளைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தேன்.

மறுநாள் மில்காரர் எட்டாம் தாளின் முதல் வரியில் கையெழுத்துப் போட்டார். அந்த வாரத்துக்குள் அவருக்குக் கீழே பதினெட்டுப் பெயர். ராஜமாணிக்கம் சார் சொன்னது சொன்னபடி நடந்தது. சாம்பிள் புக் சென்னைக்குப் போய்த் திரும்பியபோது அவர் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏழாம் தாள் எங்கம்மா?"

"இங்க் கொட்டிடுச்சு சார். பேர் எதுவும் இல்ல. தூக்கிப் போட்டுட்டேன்."

"நம்பர் போட்ட தாள எடுத்தா வேலைய விட்டே எடுப்பாங்க, தெரியுமில்ல? இந்த ஒரு தடவ நான் பாத்துக்கறேன்."

அதோடு கதவு சாத்திக்கொண்டது. தேவசகாயத்திடம் புதிதாகக் கையெழுத்து வாங்கினால் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். பழைய தாளை அனுப்பினால் பொய் வெளிப்பட்டு வேலை போகும். ஆர்டர் ஃபாரம் தனி என்பதால் அவருக்குப் புத்தகம் தவறாமல் வரும். பெயர் மட்டும்தான் வராது. எனக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. அம்மா மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போய் நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டு வந்தாள்.

5. அ முதல்

வால்யூம் வந்தால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மற்ற வீடுகளில் புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். மில்காரர் வீட்டில் முதல் வால்யூமின் பிளாஸ்டிக் உறையை மூன்றாம் வால்யூம் கொடுக்கும்போதும் பிரிக்கவில்லை.

தேவசகாயம் வரி விடாமல் படித்தார். லோடு லாரி வராத நேரத்தில் மூட்டைமேல் பேப்பர் விரித்து, அதன்மேல் வால்யூமை வைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். மண்டியில் அவருக்கு 'கலெக்டரு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாம் வால்யூம் கொண்டுபோன அன்று முதலாவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அமெரிக்கான்னு வருதும்மா. நீங்ககூட சொன்னீங்களே, அங்க வெவசாயிங்கல்லாம் இந்த மாதிரி பொஸ்தகம் வாங்கிப் படிச்சாங்கன்னு. அதுக்கு முன்னாடியே அடிமைன்னு ஒண்ணு போட்டுக்கிது. அதே அமெரிக்கால அவுங்களுக்குப் படிக்கக் கத்துக்குடுத்தா குத்தம்னு சில எடத்துல சட்டமே வச்சிருந்தாங்களாம். பொஸ்தகப் பெட்டிய வண்டிலேர்ந்து எறக்கினவன் அவனாத்தான இருப்பான்? எறக்கலாம், தொறந்து பாக்கக் கூடாது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கிளம்பும் அவசரத்தில் பையைச் சரித்துவிட்டேன். சாம்பிள் புக் கீழே விழுந்து விரிந்தது. அவர்தான் எடுத்து, தூசியைத் தட்டி, தாள்களைச் சேர்த்து மூடிக் கொடுத்தார்.

"இன்னும் எட்டு கீது. லிஸ்ட்டு எப்பம்மா வரும்?"

"கடைசில வருங்க."

அதிலிருந்து ஒவ்வொரு வால்யூமுக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும். "லிஸ்ட்டு எதுனா மாத்தணும்னா இப்ப மாத்தலாங்களா, இல்ல அச்சுக்குப் போய்டுச்சா?" என்று ஒருமுறை கேட்டார். மனுஷருக்கு எவ்வளவு ஆவல் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் வால்யூமில் நிலக்கடலையைப் படித்துவிட்டு, "தென் அமெரிக்காலேந்து வந்துச்சாம்மா. நம்மூருதுன்னே இருந்துட்டேன். வெதைக்கறது, புடுங்கறது, எண்ணெ ஆட்டறது எல்லாம் போட்டுக்கிது. தூக்கறத பத்தி ஒரு வரி இல்ல," என்று சிரித்தார். அன்றைக்கும் லிஸ்ட்டைக் கேட்டார். எட்டாம் வால்யூமுக்கும் கேட்டார். ஒன்பதுக்குக் கேட்கவில்லை.

6. பத்தாவது வால்யூம்

கடைசி வால்யூம் பார்சலில் வந்ததும் நான் முதலில் பிரித்தது பின்பக்கம்தான். எங்கோ ஏதோ தவறு நடந்து அவர் பெயரும் வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. திண்டிவனம் வட்டாரத்தில் டவுன்காரர் பதினொரு பேருக்கு அடுத்து, மில்காரர் பெயர் அவர் ஊருக்குத் தலையில் கொட்டை எழுத்தில் நின்றது. கீழே அந்த ஊர்ப் பதினெட்டுப் பெயரும் ஒழுங்காக இருந்தன.

தபாலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. என்னிடம் நல்லதாக ஏதாவது இருந்தது என்றால் அது ஒன்றுதான். மண்டிக்குப் போனேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது, முதுகு வளைந்திருந்தது. இப்போது தூக்குவதில்லை, வாசலில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

புத்தகத்தை வாங்கினார். பின்பக்கம் திருப்பவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம்தான் நிற்பது? ஹேண்ட்பேக்கிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ஒன்பது வருஷத்தில் மூன்று ஹேண்ட்பேக் மாறியும் தாள் மாறவில்லை. மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது.

"லிஸ்ட்டுல உங்க பேரு இல்லீங்க. நான்தான்..." அழுதேன்.

அவர் தாளைப் பார்த்தார். தொடவில்லை.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"ரெண்டாவது வால்யூமு குடுக்க வந்தப்ப உங்க பொஸ்தகம் கீழ வுழுந்துதே, அப்பவே பாத்துட்டேன். ஆறுக்கு அப்பால எட்டு இருந்திச்சி. நடுவுல வெட்டின துண்டு ஒட்டிக்கினு இருந்திச்சி. எட்டுல மொத பேரு யாருதுன்னும் பாத்தேன். நான் மூட்ட எண்றவன்மா, ஒண்ணு கொறஞ்சா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏங்க ஒவ்வொரு தடவையும் லிஸ்ட்டு எப்ப வரும்னு கேட்டீங்க?"

"நீங்க சொல்வீங்கன்னுதான்."

ஆவல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு அவர் கொடுத்த தவணை. ஏழு முறை கொடுத்திருக்கிறார். வேலை போகுமே என்ற பயத்தில் ஏழு தவணையையும் தின்றுவிட்டேன்.

தாளை அவரிடம் நீட்டினேன். இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எனக்கு எதுக்கும்மா? எம்பேரு எனக்குத் தெரியும். நீங்களே வச்சிக்குங்க," என்றார். அன்றைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். லாரி வந்து நின்றது. புத்தகத்தைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு எண்ணப் போய்விட்டார்.

7. டார்கெட்

கம்பெனியைப் பிறகு மூடிவிட்டார்கள். நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட லைப்ரரியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனேன். எங்கள் பத்து வால்யூம் அங்கேயும் இருந்தது. பத்தாவதை மட்டும் நான் கையில் எடுத்ததே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். ஒன்றில் அவர் படம். எ. தேவசகாயம் என்று பெரிய எழுத்தில், இனிஷியல்கூடத் தப்பாமல் போட்டிருந்தார்கள். கீழே மண்டியில் சுமை தூக்குகிறவர்களின் பெயர்கள் இருந்தன. அவர் பெயரை அச்சில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிளேடு வாங்கிய பெட்டிக்கடை இருந்த இடத்துக்கு எதிரே நின்று பார்த்தேன். கல்யாணத்துக்குப் போகாமல் அடுத்த பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் எங்கள் தெருவுக்குப் பள்ளிப் பாட ஆப் விற்க ஒரு பெண் வந்தாள். கண்டமங்கலம் பக்கத்திலிருந்து தினமும் வருகிறாளாம். கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு லிஸ்ட்டைத் தள்ளிக் காட்டினாள். டாக்டர் வீடு சேர்ந்துவிட்டது, வாத்தியார் வீடு சேர்ந்துவிட்டது. நானும் ஒரு காலத்தில் இதே வேலை பார்த்தவள் என்பதால் உட்காரவைத்து மோர் கொடுத்தேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத் தெருவிலும் நிறையப் பேர் சேர்ந்திருப்பதாகச் சொன்னாளே, அவர்கள் பெயர் லிஸ்ட்டில் காணோமே என்று கேட்டேன்.

"அந்தத் தெரு பேரெல்லாம் டெமோல காட்டமாட்டோம் மேடம். காட்டினா இந்தப் பக்கம் யோசிக்கிறாங்க. மேலேர்ந்து யாரும் சொல்லல, நாங்களே ஃபில்டர் பண்ணிக்கினு வந்துடுவோம்."

உள்ளே போய் பீரோவிலிருந்து ஏழாம் தாளை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தாளில் இருந்த ஒரே ஒரு பெயரைக் குனிந்து படித்தாள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான் என்றேன். பெயரை எடுக்கச் சொல்லி யாரும் உன் கழுத்தில் கத்தி வைக்கமாட்டார்கள். காபி கொடுத்து, உறவுமுறை விசாரித்து, சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பிளேடு நீ வாங்கியதாகத்தான் இருக்கும். அப்படியே வெட்டிவிட்டாலும், சம்பந்தப்பட்டவர் முதல் முறை கேட்கும்போதே சொல்லிவிடு. இரண்டாம் முறை கேட்கிறவருக்கு உண்மை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"புரியுது மேடம். எனக்கு இந்த மாசம் டார்கெட் கீது."

"எனக்கும் இருந்ததும்மா," என்றேன்.